தெரியாத கோணத்தை எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கேள்வி இது: "மகள் ஒன்பதாம் வகுப்பு. கோணங்களைப் பற்றிய விதிகளைக் கேட்டால் எல்லாம் சொல்கிறாள். ஆனால் நேர்கோடும் முக்கோணமும் கலந்த ஒரு படத்தைக் கொடுத்து, தெரியாத கோணத்தைக் கண்டுபிடி என்றால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கிறாள். இதற்கு ஏதாவது வழி உண்டா?"

உண்டு. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளுக்கு விதி தெரியாமல் இந்தத் தடுமாற்றம் வரவில்லை. விதிகளைத் தனித்தனி வாக்கியங்களாகப் படித்திருப்பதால் வருகிறது. பாடப் புத்தகத்தில் பத்துப் பன்னிரண்டு விதிகள் இருப்பதுபோலத் தோன்றும். அடியில் இருப்பவை மூன்றுதான். நேர்கோட்டின் ஒரு பக்கத்தில், ஒரு புள்ளியில் அமையும் கோணங்கள் சேர்ந்து 180°. இரண்டு இணைகோடுகளை ஒரு கோடு வெட்டினால், இரண்டு இடத்திலும் ஒரே கோணத்தில்தான் வெட்டும். ஒரு முக்கோணத்தில் இரண்டு பக்கங்கள் சமம் என்றால், அவற்றுக்கு எதிரே உள்ள கோணங்களும் சமம். மற்றதெல்லாம் இந்த மூன்றிலிருந்து இரண்டு மூன்று வரிகளில் வந்துவிடும்.

இந்த மூன்றில் முதல் இரண்டும் கோணத்திலிருந்து கோணத்துக்குத் தாவுகின்றன. மூன்றாவது மட்டும் நீளத்திலிருந்து கோணத்துக்கு வருகிறது. எளிய கணக்குகள் முதல் இரண்டிலேயே முடிந்துவிடும். எங்கே போனாலும் முட்டிக்கொண்டு நிற்கிற கணக்கு வந்தால், பெரும்பாலும் மூன்றாவதுதான் வழிவிடும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

படத்தைப் பார்த்ததும் பிள்ளைகள் கொடுத்திருக்கும் எண்களைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அந்த எண்களைக் கூட்டிக் கழித்து ஏதாவது வருகிறதா என்று தேடுகிறார்கள். அதைவிடத் தெரியாத கோணத்தின் பக்கத்திலிருந்து பின்னோக்கி வருவது நல்லது. அந்தக் கோணம் எந்த முக்கோணத்துக்குள் இருக்கிறது? அதன் கை ஒன்று ஏதாவது நேர்கோட்டின் மேல் கிடக்கிறதா? அந்தக் கை மறுபக்கமும் நீள்கிறதா? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் சொன்னால், அடுத்து எந்தக் கோணம் தெரிய வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். அப்புறம் அந்தக் கோணத்துக்கும் அதே மூன்று கேள்விகள். இப்படி இரண்டு மூன்று படி பின்னால் வந்தால், கொடுத்திருக்கும் எண்ணில் வந்து நிற்கலாம்.

நேர்கோட்டு விதியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஒரு நேர்கோட்டின் மேல் உள்ள புள்ளியிலிருந்து ஒரு கதிர் கிளம்பினால், இருபுறமும் உள்ள கோணங்கள் சேர்ந்து 180°. பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தம்முடைய 'எலிமெண்ட்ஸ்' நூலின் முதல் புத்தகத்தில் 13வது தேற்றமாக இதைத்தான் வைக்கிறார். இரண்டு நேர்கோடுகள் வெட்டிக்கொண்டால் உண்டாகும் குத்தெதிர்க் கோணங்கள் சமம் என்பது 15வது தேற்றம். அதற்கு நிரூபணம் ஒரு வரிதான். முதல் கோணமும் இரண்டாவதும் சேர்ந்து 180°. இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து 180°. ஆகவே முதலும் மூன்றும் சமம். இந்த உண்மையை முதலில் கண்டறிந்தவர் யூக்ளிடுக்கும் முந்திய கிரேக்க அறிஞர் தேலீஸ் என்று பிற்காலத்தில் யூக்ளிடுக்கு உரை எழுதிய புரோக்ளஸ் குறிப்பிடுகிறார். மகளை இந்த ஒரு வரியைச் சொந்தமாக எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். எழுதிவிட்டால் "குத்தெதிர்க் கோணங்கள் சமம்" என்பதைத் தனியாக நினைவில் வைக்கத் தேவையில்லை.

இங்கே நடக்கும் ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். ஒரு புள்ளியில் மூன்று அல்லது ஐந்து கதிர்கள் கூடினால், எதிரெதிரே இருப்பதுபோலத் தெரியும் கோணங்களைச் சமம் என்று எழுதிவிடுகிறார்கள். குத்தெதிர்க் கோணம் ஆக வேண்டுமென்றால் இரண்டு கைகளுமே புள்ளியைத் தாண்டி நேராக நீள வேண்டும். ஒரு கை வளைந்து திரும்பினாலும் விதி செல்லாது. அப்போது பயன்படுவது புள்ளியைச் சுற்றி 360° என்பது மட்டும்தான்.

சரி, முக்கோணத்துக்கு வருவோம். மூன்று கோணங்களும் சேர்ந்து 180° என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் 180°? காகித முக்கோணத்தின் மூன்று முனைகளையும் கிழித்து ஒட்டிக் காட்டுவார்கள். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அது அந்த ஒரு காகிதத்தைப் பற்றித்தான் பேசுகிறது. உண்மையான காரணம் இணைகோட்டில் இருக்கிறது. கசட என்ற முக்கோணத்தில் சட அடிப்பக்கம், க உச்சி. க வழியாக சட-வுக்கு இணையாக ஒரு கோடு வரையுங்கள். இப்போது கச என்ற பக்கம் இரண்டு இணைகோடுகளை வெட்டும் குறுக்குவெட்டி. ஆகவே ச-வில் உள்ள கோணம், க-வின் இடப்பக்கத்தில் ஒன்றுவிட்ட கோணமாக (இணைகோடுகளுக்கு நடுவே, குறுக்குவெட்டியின் எதிர்ப்பக்கத்தில் அமையும் சம கோணமாக) வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதேபோல ட-வில் உள்ள கோணம் வலப்பக்கத்தில் வருகிறது. நடுவில் ஏற்கெனவே க-வின் கோணம் இருக்கிறது. மூன்றும் ஒரே நேர்கோட்டின் மேல் வரிசையாக நிற்பதால் கூடுதல் 180°. நேர்கோட்டு விதியும் இணைகோட்டு விதியும் கைகோத்துத்தான் முக்கோண விதியைத் தருகின்றன.

இணைகோடு இல்லாத இடத்தில் இந்த 180° நிற்காது என்பதையும் சொன்னால் பிள்ளைகளுக்கு ஆர்வம் வரும். பூமி உருண்டையில் வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை நேராக இறங்குங்கள். அங்கே செங்கோணமாகத் திரும்பி, நிலநடுக்கோட்டின் மேலேயே உலகச் சுற்றில் கால்பங்கு போங்கள். மறுபடியும் செங்கோணமாகத் திரும்பித் துருவத்துக்கே ஏறுங்கள். துருவத்திலும் 90°. மூன்று செங்கோணங்கள், கூடுதல் 270°. தாளில் வரையும் முக்கோணத்துக்கு ஏன் 180° என்ற கேள்வி எவ்வளவு நியாயமானது என்பது இதைப் பார்த்தால் புரியும்.

180° விதியைவிட எனக்குப் பிடித்தது வெளிக்கோண விதி. ஒரு பக்கத்தை நீட்டினால் உண்டாகும் வெளிக்கோணம், உள்ளெதிர்க் கோணங்கள் இரண்டின், அதாவது அதை ஒட்டியிராத உள்கோணங்கள் இரண்டின், கூடுதல். யூக்ளிட் 32வது தேற்றத்தில் இதையும் 180° விதியையும் சேர்த்தே நிறுவுகிறார். பிள்ளைகள் இதை மறந்துவிட்டு, முதலில் 180-லிருந்து கழித்து மூன்றாவது கோணத்தைக் கண்டுபிடித்து, பிறகு மறுபடியும் 180-லிருந்து கழித்து வெளிக்கோணத்துக்கு வருவார்கள். விடை ஒன்றுதான். ஆனால் எண்களுக்குப் பதிலாக எக்ஸ், ஒய் வரும்போது இரண்டு முறை கழிப்பதில்தான் குறி மாறிப் பிழை வருகிறது.

வெளிக்கோண விதியின் பலத்தைக் காட்ட ஐந்து முனை நட்சத்திரத்தைவிட நல்ல உதாரணம் இல்லை. பேனாவை எடுக்காமல் ஐந்து நேர்கோடுகளால் போடுவோமே, அந்த நட்சத்திரம்தான். கொஞ்சம் கோணலாகவே வரையுங்கள். ஒழுங்காக இருக்க வேண்டியதில்லை. ஐந்து முனைக் கோணங்களையும் கூட்டினால் எவ்வளவு? ஓர் எண்கூடக் கொடுக்கவில்லை. ஆனாலும் விடை உறுதியாக வரும். ஒரு முனையில் உள்ள சிறிய முக்கோணத்தை மட்டும் பாருங்கள். அதன் மூன்று கோணங்களில் ஒன்று முனைக் கோணம். மற்ற இரண்டில் ஒவ்வொன்றும், நட்சத்திரத்துக்குள் ஒளிந்திருக்கும் ஒரு பெரிய முக்கோணத்துக்கு வெளிக்கோணம். ஒன்று, மீதி நான்கு முனைகளில் இரண்டின் கூடுதல். இன்னொன்று, மற்ற இரண்டு முனைகளின் கூடுதல். ஆக ஐந்து முனைகளும் அந்தச் சிறிய முக்கோணத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டன. கூடுதல் 180°. அந்தப் பெரிய முக்கோணங்கள் இரண்டையும் மகள் தானே தேடிக் கண்டுபிடிக்கட்டும். பென்சிலால் இரண்டு வேறு நிறத்தில் வரைந்து பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு படத்துக்குள் மறைந்திருக்கும் முக்கோணத்தைக் கண்டுகொள்ளும் பழக்கம் இப்படித்தான் வருகிறது.

இணைகோடுகள் வரும் கணக்குகளில் அடிக்கடி கேட்கப்படுவது வளைந்த கோடு. மேலே ஒரு கோடு, கீழே அதற்கு இணையாக ஒரு கோடு. மேல் கோட்டிலிருந்து ஒரு துண்டு இறங்கி நடுவில் மடங்கி, திரும்பிக் கீழ்க் கோட்டுக்கு வருகிறது. மடங்கும் இடத்தின் வாய் திறந்திருக்கும் பக்கத்தில், மேல் கோட்டோடு 40°, கீழ்க் கோட்டோடு 35°. மடங்கும் இடத்தில் எவ்வளவு? படத்தில் முக்கோணமே இல்லை, குறுக்குவெட்டியும் முழுதாக இல்லை. அதனால் பிள்ளைகள் திகைத்துவிடுகிறார்கள். மடங்கும் புள்ளி வழியாக இன்னொரு இணைகோடு போடுங்கள். கோணம் இரண்டாகப் பிரிகிறது. மேல் பகுதி 40°, கீழ்ப் பகுதி 35°, இரண்டுமே ஒன்றுவிட்ட கோணங்கள். விடை 75°. இணைகோடு போடுவதற்குப் பதிலாக, இறங்கும் துண்டை நீட்டிக் கீழ்க் கோட்டைத் தொட வைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும், வெளிக்கோண விதியால் அதே 75° வரும். இரண்டு வழியிலும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். படத்தில் இல்லாத கோட்டை நாமே சேர்க்கலாம் என்ற துணிச்சல் இந்தச் சின்னக் கணக்கில்தான் முதலில் வர வேண்டும்.

ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்ற இந்த ஒரு விதியை வைத்தே பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார் எரட்டோஸ்தனிஸ். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்தவர். தெற்கே சையீன் என்ற ஊரில், அதாவது இன்றைய அஸ்வானில், கோடையின் மிக நீண்ட பகல் நாளன்று நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அதே நேரத்தில் அலெக்சாந்திரியாவில் நிழல் விழும். அந்த நிழலிலிருந்து, சூரியன் உச்சியிலிருந்து ஒரு வட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 7.2°, சாய்ந்திருப்பதாக அவர் கண்டார். சூரியன் மிகத் தொலைவில் இருப்பதால் அதன் கதிர்கள் இரண்டு ஊரிலும் இணைகோடுகள். அலெக்சாந்திரியாவின் செங்குத்துக் கோட்டைப் பூமியின் மையம் வரை நீட்டினால் அது அந்த இணைகோடுகளுக்குக் குறுக்குவெட்டி. ஆகவே மேலே அளந்த 7.2° பூமியின் மையத்தில் ஒன்றுவிட்ட கோணமாக அப்படியே இருக்கிறது. இரண்டு ஊருக்கும் இடையே 5,000 ஸ்டேடியா (அந்தக் காலக் கிரேக்க நீள அளவு) என்றால் முழுச் சுற்றும் அதைப்போல ஐம்பது மடங்கு, 2,50,000 ஸ்டேடியா. யாராலும் போக முடியாத பூமியின் மையத்தில் இருக்கும் கோணம், தரையில் விழுந்த நிழலிலிருந்து கிடைத்துவிட்டது.

இப்போது மூன்றாவது விதி. இருசமபக்க முக்கோணத்தில் அடிக்கோணங்கள் சமம். கேள்வித்தாளில் இந்தத் தகவல் பெரும்பாலும் பக்கத்தின் நடுவில் ஒரு சிறு குறுக்குக் கோடாகத்தான் இருக்கும். கண் எண்களைத் தேடும்போது அந்தக் குறியைத் தாண்டிப் போய்விடுகிறது. வட்டம் வந்தாலும் இதே கதைதான்: மையத்திலிருந்து வரும் ஆரங்கள் எல்லாம் சமம் என்று யாரும் எழுதிக் கொடுக்கமாட்டார்கள், நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே படத்தில் எத்தனை சம நீளங்கள் இருக்கின்றன என்று முதலிலேயே எண்ணிவிடுவது நல்லது.

ஒரு கணக்கு பாருங்கள். கசட முக்கோணத்தில் கச-வும் கட-வும் சமம். கட-வின் மேல் த என்ற புள்ளி. கத, சத, சட மூன்றும் சமம். க-வில் உள்ள கோணம் எவ்வளவு? இங்கேயும் ஓர் எண் இல்லை. க-வின் கோணத்தை எக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். கத-வும் சத-வும் சமம், ஆகவே கசத என்ற கோணமும் (நடு எழுத்துதான் கோணத்தின் முனை) எக்ஸ். வெளிக்கோண விதியால் சதட என்ற கோணம் 2 எக்ஸ். சத-வும் சட-வும் சமம், ஆகவே ட-விலும் 2 எக்ஸ். கச-வும் கட-வும் சமம் என்பதால் முழு ச-வும் 2 எக்ஸ். மூன்றையும் கூட்டினால் 5 எக்ஸ், அது 180°. எக்ஸ் 36°. நான்கு வரியில் முடிந்துவிட்டது. இந்த 36-72-72 முக்கோணம்தான் ஒழுங்கான ஐந்து முனை நட்சத்திரத்தின் ஒவ்வொரு முனையிலும் இருக்கிறது. சற்று முன் பார்த்த நட்சத்திரத்தில் ஐந்து முனைகளும் சமம் என்றால் 180-ஐ ஐந்தால் வகுத்தாலும் 36° வருவதைக் கவனியுங்கள்.

இனி, நான் உண்மையில் சொல்ல வந்த கணக்கு. எட்வர்ட் மான் லாங்லி என்ற ஆங்கிலேய ஆசிரியர் 1922-ல் 'மேதமெட்டிகல் கெசட்' இதழில் வெளியிட்டது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் கணக்கு ஆர்வலர்களை உட்கார வைக்கிறது. ஒன்பதாம் வகுப்பு விதிகளுக்கு மேல் எதுவும் தேவையில்லை. ஒரு வெள்ளைத் தாளில் பெரிதாக வரைந்துகொண்டு தொடருங்கள்.

மகச ஒரு முக்கோணம். உச்சியில் ம, கீழே இடப்பக்கம் க, வலப்பக்கம் ச. க-விலும் ச-விலும் 80°. ஆகவே ம-வில் 20°. க-விலிருந்து ஒரு கோடு, அடிப்பக்கத்தோடு 60° கோணத்தில் போய் மச பக்கத்தை த-வில் தொடுகிறது. ச-விலிருந்து ஒரு கோடு, அடிப்பக்கத்தோடு 50° கோணத்தில் போய் மக பக்கத்தை ப-வில் தொடுகிறது. பத-வைச் சேர்த்துவிடுங்கள். கதப என்ற கோணம் எவ்வளவு?

வழக்கம்போலக் கோணங்களை நிரப்பிக்கொண்டே போகலாம். சகத முக்கோணத்தில் 60°, 80°. ஆகவே கதச 40°. சகப முக்கோணத்தில் 80°, 50°. ஆகவே கபச 50°. இரண்டு குறுக்குக் கோடுகளும் வெட்டும் இடத்தில், அடிப்பக்கத்தை நோக்கி 70°. குத்தெதிராக மேலேயும் 70°. கேட்ட கோணமான கதப-வை எக்ஸ் என்போம்; மறுமுனையில் உள்ள தபச-வை ஒய் என்போம். மேலே உள்ள சிறிய முக்கோணத்தில் எக்ஸும் ஒய்யும் சேர்ந்து 110°. நல்லது, இன்னொரு சமன்பாடு கிடைத்தால் முடிந்துவிடும்.

மபத முக்கோணத்தைப் பாருங்கள். ம-வில் 20°. த-வில் நேர்கோட்டு விதிப்படி 140-லிருந்து எக்ஸைக் கழித்தது. ப-வில் 130-லிருந்து ஒய்யைக் கழித்தது. மூன்றையும் கூட்டி 180-க்குச் சமமாக்கினால் என்ன வருகிறது? எக்ஸும் ஒய்யும் சேர்ந்து 110°. அதேதான். வேறு எந்த முக்கோணத்தை எடுத்தாலும், நாற்கரத்தை எடுத்தாலும் இதுவேதான் வரும். எக்ஸுக்கு 40, ஒய்க்கு 70 என்று போட்டாலும் எல்லாக் கூடுதல்களும் ஒத்துப்போகும்; 55, 55 என்று போட்டாலும் ஒத்துப்போகும். நேர்கோட்டு விதியாலும் 180° விதியாலும் மட்டும் இந்தக் கணக்கை முடிக்கவே முடியாது. இங்கேதான் பலர் மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். சமன்பாடு திரும்பத் திரும்ப அதுவாகவே வருகிறது என்றால், கோணங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டன, இனி நீளத்தைக் கேட்க வேண்டும் என்று அர்த்தம்.

நீளத்தைப் பற்றிப் படத்தில் எதுவும் சொல்லவில்லையே என்று தோன்றும். ஆனால் சகப முக்கோணத்தில் ச-விலும் 50°, ப-விலும் 50°. அப்படியானால் கச-வும் கப-வும் சமம். மூன்றாவது விதியை இப்படித் திருப்பியும் பயன்படுத்தலாம்: சமமான கோணங்கள் இருந்தால் எதிர்ப்பக்கங்களும் சமம். இப்போது கச என்ற நீளத்துக்கு ஒரு துணை கிடைத்துவிட்டது. இதே நீளம் வேறு எங்காவது வருமா என்று தேடுவோம். ச-வில் 80° இருக்கிறது. க-விலிருந்து ஒரு கோடு போட்டு, அது மச பக்கத்தைத் தொடும் இடத்திலும் 80° வரும்படி செய்துவிட்டால் இன்னொரு இருசமபக்க முக்கோணம் கிடைக்கும். அதற்கு க-வில் அடிப்பக்கத்தோடு 20° வேண்டும். ஆக அந்தக் கோடு வானத்திலிருந்து விழுந்த யோசனை இல்லை. சம நீளத்தைத் தேடியதால் வந்தது.

வரையுங்கள். க-விலிருந்து அடிப்பக்கத்தோடு 20°-ல் போகும் கோடு மச பக்கத்தை ந-வில் தொடட்டும். கநச 80°, ஆகவே கந-வும் கச-வும் சமம். கப-வும் அதே நீளம்தான். பகந என்ற கோணம் 80-லிருந்து 20 போக 60°. இரண்டு சம பக்கங்களுக்கு நடுவே 60° என்றால் அது சமபக்க முக்கோணம். ஆகவே நப-வும் அதே நீளம். அடுத்து நகத முக்கோணம்: க-வில் 60-லிருந்து 20 போக 40°, த-வில் ஏற்கெனவே கண்டுபிடித்த 40°. ஆகவே நத-வும் கந-வும் சமம். ஐந்து கோடுகள் ந-விலிருந்தும் க-விலிருந்தும் ஒரே நீளமாக வந்துவிட்டன. இப்போது பநத முக்கோணத்தில் நப-வும் நத-வும் சமம். ந-வில் நேர்கோட்டின் மேல் 80°-உம் 60°-உம் போய்விட்டதால் மிஞ்சுவது 40°. ஆகவே த-வில் 70°. அந்த 70-க்குள் 40° கதந. மீதி 30°. கேட்ட கோணம் அதுதான்: 30°.

கோணமானி வைத்து அளந்தும் 30° என்று பார்த்துவிடலாமே என்று மகள் கேட்கக்கூடும். விடையைச் சரிபார்க்க அளப்பதில் தவறே இல்லை. பெரிதாக வரைந்து அளந்து பார்ப்பது நல்ல பழக்கம்கூட. ஆனால் கோணமானி 30-க்கும் 30.3-க்கும் வித்தியாசம் காட்டாது. கேள்வித்தாளில் அச்சாகும் படங்கள் பெரும்பாலும் அளவுப்படி வரைந்தவையும் அல்ல. செங்கோணம் போலத் தெரிகிறது, சமம் போலத் தெரிகிறது என்பதை எங்கேயும் காரணமாக எழுதக் கூடாது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே "குத்தெதிர்க் கோணங்கள்", "முக்கோணத்தின் கோணக் கூடுதல்" என்று காரணத்தை எழுதும் பழக்கத்தைத் தேர்வு மதிப்பெண்ணுக்காக மட்டும் சொல்லவில்லை. காரணம் எழுதவராத வரி எதுவோ, அங்கேதான் ஊகம் நுழைந்திருக்கிறது.

இவ்வளவும் எதற்குப் பயன்படும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி, நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. 1802-ல் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய நில அளவையாளர் சென்னை பரங்கிமலைக்கு அருகே தரையில் சுமார் ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை மிகக் கவனமாக அளந்தார். இந்தியாவை முக்கோணங்களால் அளக்கும் பெரும் பணி அங்கேதான் தொடங்கியது. அடிக்கோட்டின் இரண்டு முனைகளிலிருந்தும் தூரத்தில் தெரியும் ஒரு குன்றைப் பார்த்துக் கோணங்களை எடுத்தால், நடக்காமலேயே குன்றின் தூரம் கிடைத்துவிடும். அந்தப் புதிய பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடு. இப்படியே முக்கோணத்தின் மேல் முக்கோணமாகத் துணைக்கண்டம் முழுவதும் போனார்கள். கோணம் அளந்த தியோடலைட் கருவி அரை டன் எடை. காவிரிச் சமவெளியில் குன்று இல்லாததால் கோயில் கோபுரங்களின் மேல் அதை ஏற்றினார்கள். 1808-ல் தஞ்சாவூரில் ஏற்றும்போது கருவி மோதிச் சேதமடைந்தது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைச் சரிசெய்தார்.

இரண்டு கோணம் தெரிந்தால் மூன்றாவதைக் கழித்து எடுத்துவிடலாம் அல்லவா? நில அளவையில் அப்படிச் செய்வதில்லை. முடிந்த இடத்திலெல்லாம் மூன்றாவது முனைக்கும் போய் அளப்பார்கள். மூன்றையும் கூட்டி எவ்வளவு வருகிறது என்பதுதான் அளவு சரியா என்பதற்குச் சோதனை. அதிலும் ஒரு நுட்பம் உண்டு: பூமி உருண்டை என்பதால் பெரிய முக்கோணங்களில் கூடுதல் 180°-ஐ விட மிகக் கொஞ்சம் கூடும். சுமார் 200 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு ஒரு விநாடி, அதாவது ஒரு பாகையின் 3,600-ல் ஒரு பங்கு, என்ற கணக்கு. வட துருவ முக்கோணத்தில் 90° கூடியதே, அதே காரணம்தான் இங்கே சிறிய அளவில். வீட்டுக் கணக்கிலும் இந்தச் சோதனையை மகள் செய்யலாம். விடை வந்ததும், தான் பயன்படுத்தாத ஒரு முக்கோணத்தை எடுத்து அதன் மூன்று கோணங்களையும் கூட்டிப் பார்க்கட்டும். லாங்லியின் படத்தில் செய்தால் மபத முக்கோணத்தில் 20, 110, 50. சரியாக 180.

தினம் ஒரு கணக்கு போதும், நிறைய வேண்டாம். முதலில் எண்கள் கொடுத்த கணக்குகள், பிறகு 36° கணக்கு போல எண்ணே இல்லாதவை. லாங்லியின் கணக்கை ஒரு முறை வழி பார்த்துப் புரிந்துகொண்ட பிறகு, மறுநாள் தாளை மூடிவைத்துவிட்டுத் தானாக எழுதிப் பார்க்கட்டும். அது வந்துவிட்டால் அதன் தங்கை ஒன்று இருக்கிறது. அதே 80-80-20 முக்கோணம். க-விலிருந்து போகும் கோடு முன்போலவே 60°-ல். ச-விலிருந்து போகும் கோடு மட்டும் 50°-க்குப் பதிலாக 70°-ல் போகிறது. இந்த முறை கேட்பது தபச என்ற கோணம். விடை 20°. இங்கேயும் கோணச் சமன்பாடுகள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வரும். த வழியாக அடிப்பக்கத்துக்கு ஓர் இணைகோடு போட்டு, அது மக பக்கத்தைத் தொடும் புள்ளியை ச-வோடு சேர்த்தால் இரண்டு சமபக்க முக்கோணங்கள் தெரியும். அவற்றைப் பிடித்துக்கொண்டு, எந்தெந்த நீளங்கள் சமம் என்று தேடிப் போகலாம். நடுவில் ஓர் இடத்தில் இரண்டு முக்கோணங்கள் சர்வசமம், அதாவது வடிவிலும் அளவிலும் ஒன்றேதான், என்று காட்ட வேண்டியிருக்கும். அந்த இரண்டும் எவை என்பதை மகளே கண்டுபிடிக்கட்டும்.